மலைப் பழச்செடியை முறையாக ஆராய்வது எப்படி? மேட்டுப்பாளையம் அடிவாரத்திலிருந்து தொட்டபெட்டா வரை ஒரு முழுமையான வழிகாட்டி

மலைப் பழங்களைப் பற்றி நம் பக்கத்துக் கல்லூரிகளில் நடக்கும் ஆராய்ச்சிகள் பல ஒரே அச்சில் இருக்கும். ஊட்டி போய் வந்தவர் யாரோ ஒரு பை பழம் வாங்கி வருவார். அதை அரைத்து, மெத்தனாலில் ஊறவைத்து, வடிகட்டி, டிபிபிஹெச் சோதனை செய்து, "ஆக்சிஜனேற்ற எதிர்ப்புத் திறன் உண்டு" என்று எழுதி முடித்துவிடுவார்கள். சோதனையில் தவறில்லை. ஆனால் எந்தச் சரிவில், எந்த உயரத்தில், எந்த மாதம், எத்தனை செடிகளிலிருந்து பறித்த பழம் என்று கேட்டால் பதில் வராது. கத்தரிக்காயை அரைத்துப் போட்டாலும் அந்தச் சோதனையில் ஏதோ ஓர் எண் வரத்தான் செய்யும். அதை வைத்து மலையைப் பற்றி என்ன சொல்ல முடியும்?

அதனால் இந்த வழிகாட்டியில் ஆய்வகம் கிட்டத்தட்டக் கடைசியில்தான் வருகிறது. அதற்கு முன்னால் ஒரு வருடமாவது செடியருகே போய் நிற்க வேண்டியிருக்கும். தாவரவியல், தோட்டக்கலை படிக்கும் மாணவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். மலையில் தோட்டம் வைத்திருப்பவர்களும் ஆர்வமுள்ள ஆசிரியர்களும் இதில் பெரும்பகுதியைச் செய்யலாம். பெரிய செலவு கிடையாது.

கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. சேலத்துக்கு ஏற்காடு, நாமக்கல்லுக்குக் கொல்லிமலை, பொள்ளாச்சிக்கு வால்பாறை, கோயம்புத்தூருக்கு நீலகிரி என்று ஒவ்வோர் ஊருக்கும் ஒரு மலை பக்கத்திலேயே இருக்கிறது. காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் வேறொரு தட்பவெப்பத்தில் நிற்கலாம். எடுத்துக்காட்டுக்கு நான் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் மலைப்பாதையை எடுத்துக்கொள்கிறேன். உங்கள் ஊர் மலைக்கு மாற்றிக்கொள்வது எளிது.

1. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

"நீலகிரிக் காட்டுப் பழங்கள்: ஓர் ஆய்வு" என்பது கேள்வியே அல்ல, வெறும் தலைப்பு. "தவிட்டுப்பழம் 1,600 மீட்டரில் பழுப்பதற்கும் 2,200 மீட்டரில் பழுப்பதற்கும் எத்தனை நாள் வித்தியாசம்?" என்றால் அது கேள்வி. அளந்து பார்க்கலாம். வித்தியாசமே இல்லை என்றும் பதில் வரலாம். "இல்லை" என்று பதில் வர வழியே இல்லாத கேள்வியை எடுத்தால், விடையை முதலிலேயே எழுதிவைத்துவிட்டு வேலை செய்வதாகத்தான் ஆகும்.

முதல் முறை செய்பவர்கள் மூன்றில் ஒன்றை எடுக்கலாம்: பூப்பதும் பழுப்பதும் எப்போது, பழத்தின் எடையும் இனிப்பும் நிறமும் உயரத்தோடு எப்படி மாறுகின்றன, விதையை யார் எங்கே கொண்டுபோகிறார்கள். மூன்றையும் ஒன்றாகத் தொட வேண்டாம். எடுத்தால் மூன்றும் அரைகுறையாக நிற்கும்.

2. செடியைத் தேர்ந்தெடுப்பது

தவிட்டுப்பழத்தைப் பார்ப்போம். தாவரவியலில் ரோடோமிர்டஸ் டொமென்டோசா, நாவல் மரத்தின் குடும்பம். நீலகிரியின் மேல்மட்டத்தில், சோலை ஓரங்களிலும் திறந்த சரிவுகளிலும் புதராக நிற்கும். இலையைத் திருப்பிப் பாருங்கள்: அடிப்பக்கம் வெளிறிய மென்ரோமம், நீளவாக்கில் எடுப்பாக மூன்று நரம்புகள். பூ ரோஜா நிறம், நடுவில் மகரந்தத்தாள்கள் கற்றையாக நிற்கும். பழம் கருநீலம், தலையில் புல்லி இதழ்கள் உதிராமல் கிரீடம் மாதிரி ஒட்டியிருக்கும். கடித்தால் இனிப்பு, வாய் நிறையப் பொடி விதை. கோத்தகிரி, குன்னூர்ப் பிள்ளைகளுக்கு இது சாலையோரத் தின்பண்டம். வியட்நாமில் இதிலிருந்து ஒயின் செய்கிறார்கள். தாய்லாந்தில் இதன் இலையிலுள்ள ரோடோமிர்டோன் என்ற பொருளைப் பாக்டீரியாவுக்கு எதிராகச் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலும் ஹவாயிலும் இதே செடியைக் களையாக அறிவித்துப் பிடுங்குகிறார்கள். நம் மலையில் இயல்பாக வளர்வது இன்னோர் இடத்தில் ஏன் கட்டுக்கடங்காமல் பரவுகிறது என்பதே தனி ஆராய்ச்சிக்கு உரிய கேள்வி.

இதில் ஒரு சிக்கல். தவிட்டுப்பழம் மலையின் மேல்பாதியில்தான் கிடைக்கும். அடிவாரம் முதல் உச்சி வரை ஒப்பிட வேண்டுமென்றால் நாவல், கொய்யா, பலா போன்று அகன்ற உயர வரம்புள்ளதை எடுக்க வேண்டும். மஞ்சள் கட்டையுள்ள ஊசிக்கலா (பெர்பெரிஸ் டிங்டோரியா), மஞ்சள் பழம் தரும் ரூபஸ் எலிப்டிகஸ், கறுத்த பழம் தரும் ரூபஸ் நிவியஸ் ஆகியவையும் மேல்மட்டத்துக்கு நல்ல தேர்வுகள். எல்லாம் முள். முழுக்கைச் சட்டை இல்லாமல் போகாதீர்கள்.

மரத்தக்காளியும் பேஷன் ஃப்ரூட்டும் மலையில் விளைந்தாலும் தென் அமெரிக்காவிலிருந்து வந்தவை. ஆராயக் கூடாது என்பதில்லை. ஆனால் நம் காட்டுச் செடிகளோடு ஒரே பட்டியலில் போட்டு "நீலகிரியின் பாரம்பரியப் பழங்கள்" என்று எழுதிவிடாதீர்கள்.

தோட்டப் பயிர்களில் ஒரு பெரிய அனுகூலம் உண்டு. ஒட்டுக்கட்டிய பட்டர் ஃப்ரூட், பிளம்ஸ், பேரி ஆகியவை ஒரே தாய்மரத்திலிருந்து வந்தவையாக இருந்தால் மரபணுவில் ஒன்றே. திசு வளர்ப்பு வாழையும் அப்படித்தான். ஒரே ரகம் இரண்டு உயரங்களில் வேறு மாதிரி காய்த்தால் அது பெரும்பாலும் சூழலின் வேலை. காட்டுச் செடியில் அப்படிச் சொல்ல முடியாது. மேலே நிற்பதும் கீழே நிற்பதும் பிறவியிலேயே வேறுபட்டிருக்கலாம். அதைப் பிரித்தறிய இரண்டு இடத்து விதைகளையும் ஒரே நாற்றங்காலில் வளர்த்துப் பார்ப்பதுதான் வழி. அதற்கு வருடக்கணக்கில் பொறுமை வேண்டும்.

3. அனுமதி

இதை முடிக்காமல் ஓர் இலையைக்கூடப் பறிக்காதீர்கள். காப்புக்காடு என்றால் வனத்துறையின் அனுமதி. சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்றால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதி. கடிதத்தில் செடியின் பெயர், பறிக்கும் அளவு, இடங்கள், காலம் எல்லாம் தெளிவாக இருந்தால் வேலை சுருக்கமாக முடியும். "தேவைக்கேற்ப மாதிரிகள்" என்று எழுதினால் திரும்பி வரும்.

2002ஆம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டம் இந்தியக் குடிமக்களின் கல்வி ஆய்வைத் தடுப்பதில்லை. ஆனால் வெளிநாட்டவரோடு கூட்டு, ஆய்வு முடிவை அவர்களுக்குக் கொடுப்பது, காப்புரிமை கோருவது என்று வந்தால் சென்னையில் உள்ள தேசிய உயிரியல் பன்மை ஆணையம் வரை போக வேண்டியிருக்கும். துறைத்தலைவரிடம் முதலிலேயே கேட்டு வையுங்கள்.

நீலகிரிக்குள் நுழைய 2024 மே முதல் இ-பாஸ் நடைமுறை இருக்கிறது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கும் அங்கே தடை. மாதிரி சேகரிக்கப் பாலிதீன் பை எடுத்துப் போய்ச் சோதனைச் சாவடியில் நிற்காமல், துணிப்பையும் காக்கிக் காகித உறையும் கொண்டுபோங்கள். பழத்துக்கும் அதுதான் நல்லது. பாலிதீனில் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.

4. உயரத்தைப் பிரிப்பது

மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குச் சற்று மேல். கல்லாறு 400 சொச்சம். குன்னூர் சுமார் 1,850. ஊட்டி சுமார் 2,240. தொட்டபெட்டா 2,637. ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக 6 முதல் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்பது பொதுக்கணக்கு. அப்படிப் பார்த்தால் மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் 12 டிகிரி வரை வித்தியாசம். புற ஊதாக் கதிரும் ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம் கூடும். காற்றழுத்தம் குறையும்.

வெள்ளைக்காரர் காலத்திலேயே இந்தச் சரிவைப் பழச் சோதனைக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். பர்லியார் பழப்பண்ணை 1871இல் தொடங்கியது, கல்லாறு பண்ணை 1900இல். மங்குஸ்தான், துரியன், ரம்புட்டான் எல்லாம் அங்கே வேர்விட்டன. ஊட்டிக் குளிரில் அவை நிற்காது. குளிர் கேட்கும் பேரி, பிளம்ஸ் போன்றவற்றுக்குக் குன்னூரில் தனியாகப் பழ ஆராய்ச்சி நிலையம் வந்தது. எந்தப் பழத்துக்கு எந்த உயரம் என்ற கேள்விக்கு இந்தச் சாலையே பாதிப் பதில் சொல்லிவிடும்.

உங்கள் வேலைக்கு 200 மீட்டர் உயரத்துக்கு ஒரு நிலையம், அதாவது அளவெடுக்கும் இடம், வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிலையத்திலும் குறைந்தது பத்துச் செடிகள், ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு.

ஒரே சாலையோடு நிறுத்திவிட வேண்டாம். மேலே போகப் போக வெப்பம் மட்டுமா மாறுகிறது? மழை, மண், தேயிலைத் தோட்டத்தின் உரம், சுற்றுலாப் பயணிகளின் கை, எல்லாமே சேர்ந்து மாறுகின்றன. எது காரணம் என்று ஒரு சரிவை வைத்துப் பிரிக்க முடியாது. மேட்டுப்பாளையத்திலிருந்து இரண்டு சாலைகள் ஏறுகின்றன, ஒன்று பர்லியார் வழியாகக் குன்னூருக்கு, மற்றொன்று குஞ்சப்பனை வழியாகக் கோத்தகிரிக்கு. இரண்டிலும் அதே உயரங்களில் நிலையம் வைத்தால் உங்கள் முடிவுக்கு வலு இரட்டிப்பாகும். இன்னும் துணிச்சல் இருந்தால் பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே ஆனைமலையிலும் பாருங்கள். கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலம்தான், ஆனால் மலை உச்சியிலேயே வாழும் உயிர்களுக்கு அது பெரிய தடை. சோலைகளில் வாழும் ஒரு சிறு பறவை இனம் கணவாய்க்கு வடக்கே ஒன்றாகவும் தெற்கே வேறாகவும் பிரிந்தே போயிருக்கிறது. பழச்செடியிலும் அப்படி இருக்குமா என்பது நல்ல கேள்வி.

உயரத்தை அளப்பதிலேயே பலர் சறுக்குவார்கள். செல்ஃபோன் ஜிபிஎஸ் கிடைமட்டத்தில் காட்டும் துல்லியத்தை உயரத்தில் காட்டாது. சில பத்து மீட்டர் பிழை சாதாரணம். அதைவிட மோசமான ஒன்று உண்டு. சில செயலிகள் கடல்மட்டத்திலிருந்து அளக்காமல், பூமியின் கணித வடிவத்திலிருந்து அளந்த உயரத்தை அப்படியே காட்டும். தென்னிந்தியாவில் இந்த இரண்டுக்கும் சுமார் 90 மீட்டர் வேறுபாடு. அதாவது 1,850 மீட்டரில் நின்றுகொண்டிருப்பீர்கள், போன் 1,760 என்று சொல்லும். ரயில் நிலையப் பலகையில் எழுதியிருக்கும் உயரத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். குன்னூர், ஊட்டி நிலையங்களில் மஞ்சள் பலகை இருக்கிறது, சும்மா நின்று படித்தாலே போதும்.

வெப்பநிலைக்குப் பொதுக்கணக்கை நம்ப வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பக்கம் தலைக்குந்தா, காந்தல் போன்ற பள்ளங்களில்தான் உறைபனி வெள்ளையாகப் படியும். இரவில் குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தில் இறங்கித் தேங்கிவிடும். மேலே இருக்கும் சரிவு அந்த நேரத்தில் பள்ளத்தைவிடக் கதகதப்பாக இருக்கலாம். உயரம் கூடினால் குளிர் கூடும் என்ற கணக்கு அங்கே தலைகீழ். ஆகவே நிலையத்துக்கு ஒரு சிறிய டேட்டா லாகரை (வெப்பநிலையைத் தானே பதிந்துகொண்டே இருக்கும் கருவி), தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில், நேர்வெயில் படாமல் வெள்ளை மறைப்புக்குள் கட்டித் தொங்கவிடுங்கள். பேரி, பிளம்ஸ் மாதிரிக் குளிர் தேவைப்படும் பழங்களை ஆராய்பவர்கள் 7 டிகிரிக்குக் கீழே எத்தனை மணிநேரம் இருந்தது என்று அதிலிருந்து கூட்டிக்கொள்ளலாம்.

5. செடிக்கு அத்தாட்சி: உலர்மாதிரி

செடியின் பெயரை நீங்கள் சொன்னால் போதாது, பிறகு யார் வந்தாலும் சரிபார்க்க ஒரு காய்ந்த கிளை இருக்க வேண்டும். பூவும் காயும் உள்ள ஒரு முழம் நீளக் கிளையை, ஒரே செடியிலிருந்து மூன்று படிகளாக வெட்டுங்கள். பழைய செய்தித்தாளில் விரித்து, ஓரிரு இலைகளை அடிப்பக்கம் தெரியத் திருப்பிவைத்து, மர அழுத்தியில் இறுக்கிக் கட்டுங்கள். சமவெளியில் தாள் மாற்றும் வேகம் மலையில் போதாது. மூடுபனியில் எல்லாம் நமுத்துப்போகும். முதல் நான்கைந்து நாள் தினமும் காலை மாலை தாள் மாற்ற வேண்டும். தங்கும் வீட்டில் விறகடுப்பு இருந்தால் அதற்குப் பக்கத்தில், நெருப்பு படாத தூரத்தில் வைத்தால் நன்றாகக் காயும். சதைப்பழம் நசுங்கிவிடும். அதை மெல்லிய வில்லைகளாக நறுக்கிக் காயவையுங்கள், இரண்டு முழுப்பழங்களை 70 சதவீத ஆல்கஹாலில் போட்டு வையுங்கள்.

காய்ந்தபின் தெரியாதவற்றை அங்கேயே எழுத வேண்டும்: செடியின் உயரம், பட்டை, பூவின் நிறம், மணம், கிளை முறித்தால் பால் வருகிறதா, பக்கத்தில் என்ன மரங்கள். பென்சிலில் எழுதுங்கள், மை மழையில் கரைந்துவிடும்.

கடைசியில் 42க்கு 28 சென்டிமீட்டர் அட்டையில் ஒட்டி, வலது கீழ்மூலையில் விவரச்சீட்டு. ஒரு படியைக் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையத்தில் கொடுத்து எண் வாங்குங்கள். அங்குள்ள உலர்தாவரத் தொகுப்பகத்துக்கு மெட்ராஸ் ஹெர்பேரியம் என்று பெயர் இருந்தாலும் அது இருப்பது நம் ஊரில்தான்.

அங்கே போனால் எண் வாங்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். நூறு வருடத்துக்கு முன்பு இதே மலைகளில் பறித்த கிளைகள் தேதியோடு இருக்கின்றன. கோயம்புத்தூர் ஜில்லாவின் ஆனைமலையில் உள்ள தாவரங்களை ஃபிஷர் என்ற தாவரவியலாளர் கணக்கெடுத்து 1921இல் வெளியிட்டார். கேம்பிள் என்ற இன்னொரு தாவரவியலாளர் இறந்தபின் அவருடைய சென்னை மாகாணத் தாவரத் தொகுப்பை முடித்ததும் அவர்தான். அந்தத் தலைமுறை சேர்த்த மாதிரிகளில் உங்கள் செடி எந்த மாதம் பூவோடு இருந்தது, இன்று எந்த மாதம் பூக்கிறது என்று ஒப்பிடலாம். காலநிலை மாற்றத்தைப் பற்றிப் பேச இதைவிட மலிவான, நேர்மையான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

6. பூ முதல் பழம் வரை

செடிக்கு எண் போட்டு அலுமினியத் தகட்டைத் தளர்வாகக் கட்டுங்கள். ஆணி அடிக்க வேண்டாம். ஒவ்வொரு செடியிலும் நான்கு கிளைகளை வண்ணநூலால் குறித்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மொட்டு, பூ, பிஞ்சு, காய், பழம் ஆகியவற்றை எண்ணுங்கள். பூக்கும் பருவத்தில் வாரம் ஒருமுறை. பழமரங்களுக்கென்று உலகம் முழுக்கப் பயன்படும் பிபிசிஹெச் அளவுகோல் இருக்கிறது. அதில் 6ஆம் கட்டம் பூ, 7 காய் வளர்ச்சி, 8 பழுப்பது. அதையே பயன்படுத்தினால் வேறு நாட்டு ஆய்வோடும் ஒப்பிடலாம்.

பூ இல்லாத நாளிலும் போய் "பூ இல்லை" என்று எழுத வேண்டும். பூஜ்யமும் ஒரு தகவல். பலர் வெற்றுக்கட்டத்தை விட்டுவிடுகிறார்கள். பிறகு அன்று பூ இல்லையா, ஆளே போகவில்லையா என்று யாருக்கும் தெரியாது.

சில மரங்கள் ஒரு வருடம் கொட்டித் தீர்க்கும், அடுத்த வருடம் ஏமாற்றும். மாமரம் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. ஆகவே ஒரு வருடத் தகவலை "ஒரு வருடத் தகவல்" என்றே எழுதுங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழையில் குன்னூர்ச் சாலையில் மண் சரியும். பலா பழுக்கும் காலத்தில் குஞ்சப்பனை, பர்லியார்ப் பக்கம் யானைகள் வாசம் பிடித்து வந்துவிடும். கோத்தகிரியில் கரடி, குன்னூர்த் தேயிலைக்குள் காட்டெருமை. காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை நான்குக்குப் பின்னும் புதருக்குள் நுழையாதீர்கள். எப்போதும் உள்ளூர் ஆள் ஒருவர் கூட வேண்டும், அவருக்குச் சரியான கூலியைத் திட்டச் செலவிலேயே எழுதி வாங்குங்கள்.

7. மகரந்தச் சேர்க்கை

இது விருப்பப்பட்டவர்களுக்கு. மொட்டுகளை நான்கு கூட்டமாகப் பிரியுங்கள். முதல் கூட்டத்தை மெல்லிய வலைத்துணிப் பையால் மூடி அப்படியே விடுங்கள். இரண்டாவதை மூடி, அதே செடியின் மகரந்தத்தைக் கையால் தடவுங்கள். மூன்றாவதில் மகரந்தத்தாள்களைக் கிள்ளிவிட்டு, வேறு செடியின் மகரந்தம் தடவி மூடுங்கள். நான்காவதைத் திறந்தே விடுங்கள். எந்தக் கூட்டத்தில் எத்தனை பூ காயானது என்று பார்த்தால் செடிக்குத் துணைச்செடி வேண்டுமா, பூச்சி வேண்டுமா என்பது தெரிந்துவிடும். குளிரும் மழையும் கூடும் உயரங்களில் தேனீக்களின் வேலைநேரம் குறையும். மேலே காய்ப்பு குறைந்தால் அதற்குக் காரணம் செடியா, தேனீயா என்பதை இந்தப் பைகள்தான் சொல்லும்.

8. பழத்தை அளப்பது

"பழுத்தது" என்றால் என்ன என்று முதலில் முடிவு செய்யுங்கள். தவிட்டுப்பழம் பச்சையிலிருந்து சிவந்து, பிறகு கறுக்கும். கறுத்தும் கெட்டியாக இருப்பது ஒன்று, விரலால் லேசாக அழுத்தினால் உள்வாங்குவது ஒன்று. இனிப்பில் இரண்டும் ஒன்றல்ல. எது உங்கள் அளவுகோல் என்று எழுதி, கடைசி வரை அதையே பிடியுங்கள். பறிப்பவர் மாறினால் அவருக்கும் காட்டிக் கொடுங்கள்.

எடைக்கு 0.01 கிராம் காட்டும் சிறிய தராசு, நீள அகலத்துக்கு வெர்னியர் காலிப்பர், இனிப்புக்குக் கையடக்க ரிஃப்ராக்டோமீட்டர் போதும். ரிஃப்ராக்டோமீட்டரை ஒவ்வொரு நிலையத்திலும் வாலை வடிநீர் விட்டுப் பூஜ்யத்துக்குக் கொண்டு வாருங்கள். 20 டிகிரிக்கு அளவு குறித்த கருவி அது, ஊட்டிக் குளிரிலும் கல்லாறு வெயிலிலும் திருத்தமில்லாமல் ஒரே பேச்சுப் பேசாது. பழத்தைத் துணியில் வைத்துப் பிழிந்து இரண்டு சொட்டுச் சாறு. மூடியை மூடும்போது குமிழி விழக் கூடாது. வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தால் நீலமும் வெள்ளையும் சேரும் கோட்டில் எண் தெரியும், அதுதான் பிரிக்ஸ் என்ற இனிப்பு அளவு. ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த துணியால் மறுபடி துடைத்து, அடுத்த பழம். மழை பெய்த மறுநாள் அளந்தால் சாறு நீர்த்துக் குறைவாகக் காட்டும். எல்லா நிலையங்களையும் மழையில்லாத நாட்களில், ஏறக்குறைய ஒரே நேரத்தில் அளக்கப் பாருங்கள்.

"ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பது இங்கே செல்லாது. ஒரே செடியில் 200 பழம் பறித்து அளந்தால் உங்களிடம் இருப்பது 200 மாதிரி அல்ல, ஒரு செடி. அந்தச் செடிக்குப் பக்கத்தில் சாக்கடை ஓடினால் 200 பழமும் சாக்கடைக் கதையைத்தான் சொல்லும். பத்துச் செடியில் இருபது பழம் வீதம் எடுத்தால் அதே 200தான், ஆனால் அதற்கு மதிப்பு உண்டு. ஆய்வேடுகளில் நான் அதிகம் பார்க்கும் ஓட்டை இதுதான்.

9. விதை

பழத்தைத் தின்பவர்கள் யார் என்று பார்க்க, பழுத்த செடிக்கு எதிரே மறைவாக உட்கார்ந்து வந்து போவதை எழுதுங்கள். நீலகிரிப் புதர்களில் சின்னான்கள் நிச்சயம் வரும். வால்பாறைப் பக்கம் பெரிய மரங்களில் இருவாச்சி, சோலைமந்தி. இரவில் மரநாய். வருவது வேறு, விதையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது வேறு. சிலது சதையைத் தின்று விதையை அங்கேயே துப்பிவிடும்.

முளைப்புக்கு மூன்று தட்டுகள் வையுங்கள்: முழுப்பழம், சதை நீக்கிக் கழுவிய விதை, பறவை எச்சத்தில் பொறுக்கிய விதை. மூன்றிலும் சம எண்ணிக்கை, அதே மண், அதே தண்ணீர். ரூபஸ் விதையின் ஓடு கடினம், உறக்கமும் நீளம். வாரக்கணக்கில் ஒன்றும் முளைக்காது, செத்துவிட்டது என்று தட்டைக் கொட்டிவிடாதீர்கள். பலாவும் நாவலும் நேர்மாறு. உலர்ந்தால் உயிர் போய்விடும், பறித்த கையோடு விதைக்க வேண்டும். நாவலில் ஒரே விதையிலிருந்து இரண்டு மூன்று கன்றுகள் வரலாம். முளைத்த விதையை எண்ணுகிறோமா, கன்றை எண்ணுகிறோமா என்பதை முன்பே தீர்மானியுங்கள். 2,000 மீட்டர் விதையைக் கோயம்புத்தூர் வெயிலில் முளைக்கவைத்து அதன் இயல்பு இது என்று எழுதினால் செல்லாது. ஒரு தட்டாவது மேலே இருக்கட்டும்.

10. மலை மக்களிடம் கேட்பது

இருளர், குறும்பர், கோத்தர், தோடர், படகர், கொல்லிமலையிலும் ஏற்காட்டிலும் மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்தவர் அல்ல), ஆனைமலையில் காடர், முதுவர். உங்கள் செடியை உங்களுக்கு முன்பே தெரிந்தவர்கள். போனதும் நோட்டை விரிக்காதீர்கள். முதலில் யார், எதற்கு வந்திருக்கிறோம், சொல்வதை எங்கே எழுதுவோம் என்று விளக்கி, சம்மதம் கேளுங்கள். வேண்டாம் என்றால் சரி என்று வந்துவிடுங்கள்.

"ஏனுங்கம்மா, இது சர்க்கரை நோய்க்கு நல்லதுங்களா?" என்று கேட்டால் "ஆமாங்க சாமி" என்றுதான் பதில் வரும். அது மரியாதைக்குச் சொன்ன பதில். "இதை என்னென்னதுக்குங்க எடுப்பீங்க? எப்போ பழுக்கும்? போன வருசம் எப்படிங்க இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். எந்தச் சரிவில் முதலில் பழுக்கும், எந்த வருடம் பழமே இல்லாமல் போனது, எந்தப் பறவை வந்தால் பழம் தயார் என்பதெல்லாம் அப்போதுதான் வெளிவரும். உங்கள் இரண்டு வார இடைவெளிக் கணக்கை அதோடு ஒப்பிடலாம். மருந்து விவரங்கள் அவர்களின் சொத்து. அனுமதியில்லாமல் அச்சேற்றாதீர்கள்.

11. இப்போது ஆய்வகம்

பழத்தைப் பறித்த இடத்திலேயே ஐஸ் பெட்டியில் வைத்து, அன்றே கோயம்புத்தூர் கொண்டுவாருங்கள். வைட்டமின் சியும் ஆந்தோசயனின் நிறமியும் வெயிலில் சிதையும். மரபணு வேலை என்றால் இலையைச் சிலிக்கா ஜெல்லில் போட்டால் போதும். நொதி வேலை என்றால் திரவ நைட்ரஜன் தேவை, மாட்டுக்குச் சினை ஊசி போடும் மையங்களில் பார்த்திருப்பீர்களே, அதே கேன்தான்.

ஈரப்பதம், புளிப்பு (சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து ஃபீனாப்தலீன் இளஞ்சிவப்பாகும் வரை), வைட்டமின் சி ஆகிய மூன்றும் முதலில். கறுத்த பழங்களுக்கு ஆந்தோசயனின்: சாற்றைப் பிஹெச் 1.0, 4.5 என்ற இரண்டு கரைசல்களில் வைத்து 520, 700 நானோமீட்டரில் அளப்பது. குளிர்ந்த இரவும் மிகுந்த ஒளியும் இந்த நிறமியைக் கூட்டும் என்பது பல பழங்களில் பார்த்தது. உங்கள் உயரக்கோட்டில் அது தெரிகிறதா என்பதே சுவாரசியம். ஃபோலின் முறையில் வரும் "மொத்த ஃபீனால்" எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். வைட்டமின் சி இருந்தால் அதையும் சேர்த்து எண்ணிவிடும்.

ஈரத்தோடு கணக்கா, உலர் எடையில் கணக்கா என்பதைத் தவறாமல் எழுதுங்கள். 80 சதவீதம் நீருள்ள பழத்தில் ஒரே அளவு, உலர் எடைக்குப் போட்டால் ஐந்து மடங்காகத் தெரியும். "எலுமிச்சையைவிடப் பத்து மடங்கு" என்று வரும் செய்திகளில் சில இப்படிப் பிறந்தவைதான் என்று எனக்குச் சந்தேகம்.

12. கணக்கு

முதலில் வரைபடம்: கிடைக்கோட்டில் உயரம், செங்குத்தில் உங்கள் அளவு, ஒவ்வொரு செடிக்கும் ஒரு புள்ளி, இரண்டு சாலைக்கும் இரண்டு நிறம். கண்ணுக்கே தெரியாத போக்கைப் புள்ளியியல் மென்பொருள் "உண்டு" என்றால் சந்தேகப்படுங்கள். பிறகு இலவசமாகக் கிடைக்கும் ஆர் மென்பொருளில், செடியைத் தனிக்காரணியாகச் சேர்த்துக் கணக்கிடுங்கள். உயரத்துக்குப் பதிலாக லாகரின் வெப்பநிலையைப் போட்டும் பாருங்கள். எது நன்றாக விளக்குகிறதோ அதைச் சொல்லுங்கள்.

13. வெளியிடுவது

கட்டுரையோடு மூலத் தகவல் அட்டவணையையும் ஹெர்பேரியம் எண்ணையும் சேர்த்து வையுங்கள். தோட்டம் கொடுத்தவருக்கும் ஊர்க்காரர்களுக்கும் தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். எந்த மாதம், எந்த உயரத்தில், எந்தப் பழம் எவ்வளவு இனிப்பு என்ற ஓர் அட்டவணை அவர்களுக்கு ஆங்கில ஆய்விதழைவிடப் பயன்படும்.

இடக்குறியீடுகளில் மட்டும் கை கொஞ்சம் இறுக்கமாக இருக்கட்டும். பரவலான செடி என்றால் முழுதாகக் கொடுக்கலாம். அரிதானது, வேரோ பட்டையோ விலைபோகும் ஊசிக்கலா மாதிரியானது என்றால், அட்சரேகை தீர்க்கரேகையைத் தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கத்தோடு நிறுத்துங்கள். ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் எங்கோ இருக்கிறது என்பதற்கு மேல் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. துல்லியமான குறியீடு ஹெர்பேரியத்திலும் வனத்துறையிலும் இருக்கும், தேவைப்படும் ஆய்வாளர் அங்கே எழுதிக் கேட்டுக்கொள்ளட்டும்.